உடலுக்குள் புகுந்த கதிரியக்கம்: ஆற்றல் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பது எப்படி

70 கிலோ எடையுள்ள ஒருவர் உடல் முழுவதும் 4 கிரே கதிர்வீச்சை ஒரே மூச்சில் வாங்கினால், சிகிச்சை கிடைக்காதபோது அவர் பிழைப்பது பாதிக்குப் பாதிதான். அந்த 4 கிரேயை ஆற்றலாக மாற்றினால் 280 ஜூல். மாமாக் கடையில் வாங்கிய ஒரு கிளாஸ் தே தாரேக் (250 மில்லி) கால் டிகிரி ஆறும்போது வெளியேறும் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். கதிர்வீச்சு உடம்பைச் சுடுவதில்லை. கொஞ்ச ஆற்றலை உயிரணுவின் நுண்ணிய இடத்தில் கொண்டுபோய் அடிக்கிறது. எத்தனை ஜூல் என்பதோடு, எத்தனை கிராம் திசுவில் அது இறங்கியது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். கிரே என்ற அலகே அப்படிப் பிறந்ததுதான்: ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல்.

கோலாலம்பூர், பினாங்கு மருத்துவமனைகளில் அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்பவர்கள், மலாயாப் பல்கலைக்கழகத்திலோ மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ (யுஎஸ்எம்) மருத்துவ இயற்பியல் படிப்பவர்கள், ஆர்பிஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. மென்பொருளில் பெக்கரலை (கதிரியக்கத்தின் அளவு) தட்டினால் மில்லிசீவர்ட் (உடலுக்கு வரும் பாதிப்பின் அளவு) வந்துவிடும், உண்மைதான். ஆனால் தேதியைத் தப்பாகத் தட்டினாலும் அது முகம் சுளிக்காமல் ஒரு விடை தரும். கையால் ஒருமுறை போடத் தெரிந்தவருக்குத்தான் அந்த விடை உளறுகிறதா என்று தெரியும். சூத்திரம் ஒரே வரி. தப்பு எல்லாம் நாள் கணக்கிலும் கிராம் கணக்கிலும்தான் நடக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். யாராவது உள்ளே வாங்கிவிட்டார் என்று சந்தேகம் வந்தால் சுத்தம் செய்வதும் மருத்துவரிடம் அனுப்புவதும்தான் முதல் வேலை. கணக்கு காத்திருக்கும், சிகிச்சை காத்திருக்காது.

கணக்கின் எலும்புக்கூடு

மூன்று எண்கள் வேண்டும்: அந்த உறுப்புக்குள் மொத்தம் எத்தனை அணு உடையும், ஓர் அணு உடையும்போது வெளிப்படும் ஆற்றலில் எவ்வளவு அந்த உறுப்பிலேயே தங்கும், உறுப்பின் நிறை எத்தனை கிலோ.

1 பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு உடைகிறது. ஆனால் உடலுக்குள் போன பெக்கரல் நாளுக்கு நாள் குறைகிறது. குறைவதற்கு இரண்டு வழி உண்டு: அணு தானே சிதைந்து தீர்வது ஒன்று, சிறுநீர், மலம், வியர்வை வழியே வெளியேறுவது இன்னொன்று. ஒரே தண்ணீர்த் தொட்டியில் இரண்டு ஓட்டை இருப்பது போல. இரண்டும் சேர்ந்து வரும் வேகத்தைப் பயனுறு அரை ஆயுள் என்கிறோம்:

பயனுறு அரை ஆயுள் = (இயற்பியல் அரை ஆயுள் × உயிரியல் அரை ஆயுள்) ÷ (இரண்டின் கூட்டுத்தொகை)

இந்த விடை எப்போதும் இரண்டில் சின்னதைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். பெரிதாக வந்தால் எங்கோ கூட்டலும் பெருக்கலும் இடம் மாறிவிட்டன.

மொத்த உடைவு = தொடக்கப் பெக்கரல் × பயனுறு அரை ஆயுள் (நொடியில்) × 1.443

1.443 என்பது 1 ÷ 0.693. குறையாமல் அதே வேகத்தில் உடைந்திருந்தால் 1.443 அரை ஆயுளில் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும் என்று அதற்குப் பொருள். கடைசியாக:

டோஸ் (கிரே) = மொத்த உடைவு × ஓர் உடைவில் தங்கும் ஆற்றல் (மெகா எலக்ட்ரான் வோல்ட்) × 1.602 × 10⁻¹³ ÷ நிறை (கிலோ)

நடுவில் இருக்கும் 1.602 × 10⁻¹³ மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஜூலாக்குகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

அயோடின்-131: அளப்பதிலிருந்து கிரே வரை

பினாங்கில் ஒரு மருத்துவமனையின் ஹாட் லேபில் (கதிரியக்க மருந்துகளைக் கையாளும் அறை), வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் திரவக் குப்பியைத் திறக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மாலை 4 மணிக்குத் தொழில்நுட்பரின் கழுத்தை (அயோடின் சேரும் தைராய்டுச் சுரப்பி இருக்கும் இடம்) அளக்கிறோம். இடைவெளி சரியாக 3 நாள்.

அளப்பதற்கு முன் அவர் குளித்துச் சட்டை மாற்றியிருக்க வேண்டும். காலரில் ஒட்டியிருக்கும் அயோடினும் தைராய்டில் இருக்கும் அயோடினும் கருவிக்கு ஒன்றுதான். சந்தேகமிருந்தால் கழுத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளக்கவும். எண்ணிக்கை குறைந்தால் தோலில் இருந்தது. அந்த வாரம் அவரே நோயாளியாக ஏதாவது ஸ்கேன் செய்துகொண்டாரா என்றும் கேட்டுவிட வேண்டும். அளக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் 3.7 கிகாபெக்கரல் வாங்கிய நோயாளி படுத்திருந்தால் பின்னணி எண்ணிக்கை எகிறும், ஆகவே அறையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும்.

சோடியம் அயோடைடு படிகம் வைத்த கருவி, 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவுக்குத் திறந்த சன்னல் (அந்த ஆற்றலை மட்டும் எண்ணும் அமைப்பு), கழுத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரம். கழுத்து மாதிரிக்குள் அளவு தெரிந்த அயோடினை வைத்து முன்னமே அளவீடு செய்ததில், இந்தக் கருவி ஒரு பெக்கரலுக்கு நொடிக்கு 0.0035 எண்ணிக்கை காட்டுகிறது என்று கொள்வோம். 5 சென்டிமீட்டர் படிகத்துக்கு இது நடைமுறையில் வரக்கூடிய எண்தான். உங்கள் கருவியின் எண்ணை உங்கள் கருவியில்தான் எடுக்க வேண்டும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் ஒரு கட்டையை இடையில் வைத்து அளக்கவும். 10 சென்டிமீட்டர் 11 ஆகிவிட்டால் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வரை காணாமல் போய்விடும்.

கழுத்தில் 600 நொடி: 3,300 எண்ணிக்கை.
தொடையில் 600 நொடி: 780 எண்ணிக்கை.

தொடையை அளப்பது ஏன் என்றால், அயோடின் இரத்தத்திலும் மற்றத் திசுக்களிலும் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருக்கும். வெறும் காற்றை அளந்து கழித்தால் அந்தப் பங்கு தைராய்டின் கணக்கில் ஏறிவிடும். கழித்தால் 2,520. நொடிக்கு 4.2. அதை 0.0035-ஆல் வகுத்தால் தைராய்டில் இப்போது 1,200 பெக்கரல். எண்ணிக்கையின் தற்செயல் பிழை 3,300-ஐயும் 780-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 64, அதாவது இரண்டரை சதவீதம். இதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், பெரிய பிழைகள் இனிமேல்தான் வருகின்றன. இதே அமைப்பில் கருவி நம்பகமாகப் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு சுமார் 63 பெக்கரல். அதற்குக் கீழே வந்தால் 'பூஜ்யம்' என்று எழுதாமல் '63-க்குக் கீழ்' என்று எழுதவும்.

இனி பின்னோக்கி நடக்க வேண்டும். அயோடின்-131-இன் இயற்பியல் அரை ஆயுள் 8.02 நாள், தைராய்டில் உயிரியல் அரை ஆயுள் 80 நாள். பயனுறு அரை ஆயுள் = 8.02 × 80 ÷ 88.02 = 7.29 நாள். மூன்று நாளில் மிஞ்சியிருக்கும் பங்கு: 0.5-ஐ (3 ÷ 7.29) என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 0.752. கைப்பேசிக் கால்குலேட்டரைக் கிடையாகத் திருப்பினால் அடுக்குப் பொத்தான் தெரியும். ஆக, முதல் நாள் தைராய்டில் இருந்தது 1,200 ÷ 0.752 = 1,596 பெக்கரல்.

உடலுக்குள் போன அயோடின் முழுவதும் தைராய்டுக்குப் போவதில்லை. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழக்கமான மாதிரியில் இரத்தத்தை அடைந்ததில் 30 சதவீதத்தைத் தைராய்டு பிடித்துக்கொள்ளும், மீதி பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். எனவே உள்ளே போனது 1,596 ÷ 0.30 = சுமார் 5,320 பெக்கரல்.

மொத்த உடைவு: 7.29 நாள் என்பது 6,29,856 நொடி. 1,596 × 6,29,856 × 1.443 = சுமார் 145 கோடி.

இப்போது ஆற்றல். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது. அட்டவணையில் அயோடினின் பீட்டா (அணுவிலிருந்து வெளியே பாயும் எலக்ட்ரான்) ஆற்றல் 0.606 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று போட்டிருக்கும். அது உச்ச ஆற்றல். பீட்டா உடைவில் ஆற்றலை நியூட்ரினோ என்ற துகளும் பங்கு போட்டுக்கொண்டு உடம்பை விட்டே ஓடிவிடுவதால் எலக்ட்ரானுக்குச் சராசரியாகக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். எல்லா எலக்ட்ரான்களையும் சேர்த்து ஓர் உடைவுக்கு 0.19 என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த எலக்ட்ரான்கள் பெரும்பாலும் திசுவில் 2 மில்லிமீட்டர்கூடத் தாண்டுவதில்லை, ஆகவே ஏறக்குறைய முழுவதும் தைராய்டிலேயே இறங்குகிறது. காமா ஓர் உடைவுக்கு 0.38 வரும். ஆனால் அதில் ஏறக்குறைய 3 சதவீதம்தான் அந்தச் சின்னச் சுரப்பியில் தங்கும்: 0.011. ஆக மொத்தம் 0.20.

கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கருவி எண்ணியது தப்பி ஓடிய காமாவை. சேதம் செய்வது உள்ளே தங்கிய பீட்டா. அதைக் கருவி பார்க்கவே இல்லை. ஓடுகிறவனின் எண்ணிக்கையை வைத்து ஒளிந்திருப்பவனை ஊகிக்கிறோம்.

145 கோடி × 0.20 × 1.602 × 10⁻¹³ = 4.65 × 10⁻⁵ ஜூல். தைராய்டின் நிறை 20 கிராம், அதாவது 0.020 கிலோ. வகுத்தால் 0.0023 கிரே. தைராய்டு டோஸ் 2.3 மில்லிகிரே.

சரிபார்ப்போம். ஆணையம் வெளியிட்ட குணகப்படி, விழுங்கிய ஒவ்வொரு பெக்கரல் அயோடின்-131-க்கும் பெரியவரின் தைராய்டு டோஸ் 4.3 × 10⁻⁷ சீவர்ட். 5,320-ஆல் பெருக்கினால் 2.3 மில்லிசீவர்ட். கைக்கணக்கும் அட்டவணையும் கைகோத்துக்கொண்டன.

நாள் தப்பினால், கிராம் தப்பினால்

மேலே உள்ளதில் மிகவும் பலவீனமான எண் எது என்றால், '3 நாள்'. சிந்தியதை யாரும் கவனிக்கவில்லை, வழக்கமான பரிசோதனையில்தான் 1,200 பெக்கரல் தெரியவந்தது, உண்மையில் அது தைப்பூச விடுமுறைக்கு முன்னால், 10 நாளுக்கு முன்பு நடந்தது என்றால்? மிஞ்சிய பங்கு 0.386. முதல் நாள் அளவு சுமார் 3,100 பெக்கரல் ஆகிறது. அதே கழுத்து, அதே எண்ணிக்கை, டோஸ் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சம்பவ நாள் தெரியாதபோது, கடைசிப் பரிசோதனைக்கும் இந்தப் பரிசோதனைக்கும் நடுப்புள்ளியை எடுப்பது வழக்கம். 14 நாளுக்கு ஒருமுறை அளந்தால் 7-ஆம் நாள். அது ஒரு சமரசம் என்பதைப் பதிவில் எழுதி வைக்கவும். அதைவிட நல்லது ஹாட் லேப் பதிவேட்டைப் புரட்டி எந்த நாளில் யார் குப்பி திறந்தார் என்று பார்ப்பது. நேரம் எழுதப் பழகாத லேபில் கணக்கு எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் பயனில்லை.

நிறையும் அப்படித்தான். 20 கிராம் என்பது பெரியவருக்கான மாதிரி அளவு. 5 வயதுப் பிள்ளையின் தைராய்டு 3.4 கிராம். அதே உடைவுகள் அதற்குள் நடந்தால் டோஸ் ஆறு மடங்கு. 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு பாலில் வந்த அயோடின் பெரியவர்களைவிடப் பிள்ளைகளையே அதிகம் பாதித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எதிர்ப்புறமாக, கழலை வந்து 40 கிராம் ஆன தைராய்டில் டோஸ் பாதியாகும். அல்ட்ராசவுண்ட் அறிக்கை இருந்தால் அந்த நிறையைப் போடவும், இல்லாவிட்டால் மாதிரி அளவைப் போட்டு அப்படிச் செய்ததை எழுதவும்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுத்திருந்தால் 30 சதவீதம் என்ற எண்ணே செத்துப்போகிறது. தைராய்டு நிறைந்துவிடுவதால் புதிய அயோடினைக் கொஞ்சமாகத்தான் எடுக்கும். அப்போது கழுத்தில் 200 பெக்கரல் காட்டினாலும் உள்ளே போனது எவ்வளவு என்று 0.30-ஆல் வகுத்துக் கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு டோஸ் மட்டும் வேண்டுமானால் கழுத்து அளவே போதும், ஏனென்றால் அது அந்த உறுப்பில் இருப்பதை நேரடியாக அளக்கிறது. உள்ளே போன மொத்த அளவு வேண்டுமானால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளக்க வேண்டும். மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் கணக்கின் ஓர் எண்தான்.

பழைய கருவிகளும் பழைய ஆட்களும் இன்னும் மைக்ரோகியூரியில் பேசுவார்கள். 1 மைக்ரோகியூரி = 37,000 பெக்கரல். மில்லிக்கும் மைக்ரோவுக்கும் நடுவில் ஓர் ஆயிரம் இருப்பதை மறந்துவிட்டுப் பின்னர் தலையில் கைவைப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

சீசியம்: இயற்பியல் அரை ஆயுளை நம்பி ஏமாறும் இடம்

சீசியம்-137-இன் இயற்பியல் அரை ஆயுள் 30 ஆண்டு. உடலில் அது பொட்டாசியம் போல் தசையெங்கும் பரவி, பெரும்பகுதி (90 சதவீதம்) 110 நாள் அரை ஆயுளில் வெளியேறுகிறது, மீதிப் பத்து சதவீதம் 2 நாளில். பயனுறு அரை ஆயுள் கிட்டத்தட்ட அதே 110 நாள். இங்கே 30 ஆண்டைப் போட்டால் டோஸ் 100 மடங்கு ஊதிப்போகும். அயோடினில் இதே தப்பைச் செய்தால் 10 சதவீதம்தான் பிசகும் என்பதால், அயோடினில் பழகியவர்கள் சீசியத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

1 பெக்கரல் விழுங்கினால்: 0.9 × 110 நாள் × 86,400 × 1.443, அதோடு 2 நாள் பகுதியின் சொற்பம். சுமார் 1.24 கோடி உடைவு. எலக்ட்ரான்கள் 0.25. காமா 0.56 வருகிறது, ஆனால் முழு உடலில் அதில் மூன்றில் ஒரு பங்கு தங்குவதாகக் கொண்டால் 0.19. மொத்தம் 0.44. 70 கிலோவில் பரப்பினால் 1.25 × 10⁻⁸ கிரே. அட்டவணை சொல்வது 1.3 × 10⁻⁸ சீவர்ட். தைராய்டில் காமா 3 சதவீதம் தங்கியது, முழு உடலில் மூன்றில் ஒரு பங்கு. உறுப்பு பெரிதாக ஆக, காமா தப்பிக்கும் வாய்ப்பு குறைகிறது.

பிரஷ்யன் புளூ மாத்திரை குடலில் சீசியத்தைப் பிடித்து வெளியேற்றி 110 நாளைச் சுமார் 30 நாளாக்கும். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம் பரவியபோது அதைத்தான் கொடுத்தார்கள். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து வேறு அரை ஆயுளைப் போட்டு, கணக்கை இரண்டு துண்டாக உடைக்க வேண்டும்.

உங்கள் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்

புதிதாகக் கணக்குத் தாள் தயாரித்தால் முதலில் பொட்டாசியம்-40-ஐ அதில் ஓட்டிப் பாருங்கள். விடை முன்னமே தெரிந்த கணக்கு அது. 70 கிலோ உடலில் சுமார் 140 கிராம் பொட்டாசியம். ஒரு கிராமில் நொடிக்கு 31 உடைவு. ஆக, அந்த எடையுள்ள ஒவ்வொருவருக்குள்ளும் ஏறக்குறைய 4,340 பெக்கரல் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. ஓர் உடைவுக்கு பீட்டா 0.50, காமாவில் தங்குவது 0.05. அளவு மாறாததால் அரை ஆயுளே வேண்டாம், ஓராண்டின் நொடிகளால் (3.156 கோடி) பெருக்கினால் போதும். விடை ஆண்டுக்கு 0.17 மில்லிகிரே வரவேண்டும். வராவிட்டால் தாளில் எங்கோ அலகு இடறியிருக்கிறது.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. பாலிக் பூலாவ் டுரியான் அரைக் கிலோ சாப்பிட்டால் சுமார் 2.2 கிராம் பொட்டாசியம், 68 பெக்கரல். அதைக் குணகத்தால் பெருக்கி "டுரியான் டோஸ்" என்று பகிர்கிறவர்கள் உண்டு. உடல் பொட்டாசியத்தை ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது, கூடுதலாக வந்ததைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். உள்ளே இருக்கும் 4,340 அப்படியேதான் இருக்கும். குணகத்தை எடுப்பதற்கு முன் அந்தத் தனிமத்தை உடல் எப்படி நடத்துகிறது என்று கேட்க வேண்டும்.

ஆல்ஃபா என்றால் நிலைமை வேறு

கெராங் (ஓட்டுடைய ஒரு கடல் உயிரி), சிப்பி, மீன் ஆகியவற்றில் இயற்கையாகவே பொலோனியம்-210 இருக்கிறது. கடலுணவிலிருந்து வரும் கதிர்வீச்சில் பெரும் பங்கு அதனுடையது. கணக்குக்காக, கிலோவுக்கு 20 பெக்கரல் உள்ள சிப்பியை ஒருவர் ஆண்டுக்கு 10 கிலோ சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 200 பெக்கரல். பாதி குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகும். இயற்பியல் அரை ஆயுள் 138.4 நாள், உயிரியல் 50 நாள், பயனுறு 36.7 நாள். 45.8 கோடி உடைவு, ஒவ்வொன்றிலும் 5.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா, முழுவதும் உள்ளேயே தங்குகிறது. 70 கிலோவில் பரப்பினால் 5.6 மைக்ரோகிரே. ஆல்ஃபாவுக்குக் கதிர்வீச்சு எடைக்காரணி (அதே ஆற்றலுக்கு எத்தனை மடங்கு தீங்கு என்று சொல்லும் எண்) 20 என்பதால் 0.11 மில்லிசீவர்ட்.

அட்டவணைக் குணகம் (1.2 × 10⁻⁶) சொல்வது 0.24. நம் விடை பாதிதான். கணக்கில் பிழை இல்லை, கருத்தில் பிழை. பொலோனியம் உடலெங்கும் சமமாகப் பரவுவதில்லை. கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றில் குவிகிறது. 70 கிலோவால் வகுத்தது அந்த உறுப்புகளுக்கு அநியாயம். சீசியம், டிரிட்டியம் போலப் பரவலாகத் தங்குபவற்றுக்கு மட்டுமே முழு உடல் நிறை பொருந்தும்.

வெள்ளீயச் சுரங்கக் கழிவான அமாங் தூசியில் வரும் தோரியம் இன்னும் சிக்கலானது. 1 மில்லிகிராம் தோரியம்-232 வெறும் 4 பெக்கரல். ஆனால் மூச்சில் போன 1 பெக்கரலுக்கான தொழிலாளர் குணகம், கரையாத வகை என்றால் 1.2 × 10⁻⁵ சீவர்ட், கொஞ்சம் கரைகிற வகை என்றால் 2.9 × 10⁻⁵. அயோடினை விழுங்குவதைவிட 500 மடங்குக்கு மேல். தூசியின் கரைதிறனைத் தப்பாக ஊகித்தாலே விடை இரண்டரை மடங்கு மாறுகிறது. இதைக் கையால் போட முயலாதீர்கள். நுரையீரல், நிணநீர் முடிச்சு, எலும்பு என்று பல அறைகளில் பல ஆண்டு தங்கும் பொருள் இது. அடுத்த 50 ஆண்டு டோஸ் முழுவதையும் உள்ளே போன ஆண்டின் கணக்கிலேயே ஏற்றுவது வழக்கம்.

கிரேயிலிருந்து சீவர்ட்டுக்கு

பீட்டாவுக்கும் காமாவுக்கும் எடைக்காரணி 1 என்பதால், நம் தொழில்நுட்பரின் தைராய்டு 2.3 மில்லிகிரே அப்படியே 2.3 மில்லிசீவர்ட். முழு உடலுக்கான பயனுறு டோஸாக்க, தைராய்டின் திசு எடைக்காரணி (முழு உடலின் தீங்கில் அந்த உறுப்பின் பங்கு) 0.04-ஆல் பெருக்கினால் 0.092 மில்லிசீவர்ட். அதே 5,320 பெக்கரலைப் பழைய குணகமான 2.2 × 10⁻⁸-ஆல் பெருக்கினால் 0.117. இரண்டில் எது பொய்? எதுவும் இல்லை. அந்தக் குணகம் தயாரிக்கப்பட்டபோது தைராய்டின் காரணி 0.05. ஒரே அறிக்கையில் புதிய காரணியையும் பழைய குணகத்தையும் கலக்காமல் இருந்தால் போதும். விழுங்காமல் ஆவியாக மூச்சில் போயிருந்தால் குணகம் 2.0 × 10⁻⁸. பெரிய வித்தியாசமில்லை.

மலேசியாவில் அணுசக்தி உரிமச் சட்டம் 1984-இன் கீழ் 2010-இல் வந்த விதிமுறைகளின்படி கதிர்வீச்சுப் பணியாளரின் ஆண்டு வரம்பு 20 மில்லிசீவர்ட். வெளியிலிருந்து பேட்ஜில் (சட்டையில் மாட்டும் டோஸ் அளவி) வந்ததையும் உள்ளிருந்து வந்ததையும் கூட்டித்தான் அதோடு ஒப்பிட வேண்டும். பேட்ஜ் சுத்தமாக இருக்கிறது என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

டிரிட்டியம் பற்றி ஒரு சொல். அதன் பீட்டா சராசரியாக 0.0057-தான், வெளியிலிருந்து எந்தக் கருவிக்கும் எட்டாது, சிறுநீரை அளந்துதான் ஆக வேண்டும். தண்ணீரோடு தண்ணீராகக் கலப்பதால் உயிரியல் அரை ஆயுள் 10 நாள் என்று புத்தகம் சொல்கிறது. நம் ஊர் வெயிலில் குடிக்கிற தண்ணீருக்கும் சிந்துகிற வியர்வைக்கும் அது குறையலாம். எனவே ஒரே மாதிரியை வைத்து முடிக்காமல் சில நாள் இடைவெளியில் மூன்று நான்கு மாதிரி எடுத்து அந்த ஆளின் சொந்த அரை ஆயுளைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

மறு அளவீடு

கணக்கை முடித்ததும் தொழில்நுட்பரை இன்னொரு நாள் வரச் சொல்லவும். நம் எடுத்துக்காட்டில் 10-ஆம் நாள் (முதல் அளவீட்டுக்கு 7 நாள் கழித்து) கழுத்தில் எதிர்பார்ப்பது 1,200-ஐ 0.514-ஆல் பெருக்கியது: சுமார் 617 பெக்கரல். 500 வந்தால் அவர் உடல் வேகமாக வெளியேற்றுகிறது, அவருடைய சொந்த அரை ஆயுளைப் போட்டு டோஸைக் குறைத்து எழுதலாம். 640 வந்தால் மெதுவாக வெளியேற்றுகிறது. ஆனால் 900 வந்தால்? ஒரு துளிகூட வெளியேறாமல் வெறும் அணுச் சிதைவு மட்டும் நடந்திருந்தாலும் மிஞ்சியிருக்கக்கூடியது 655 பெக்கரல்தான். அதற்கு மேல், எண்ணிக்கைப் பிழையையும் தாண்டி எது வந்தாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: இடையில் அவர் மறுபடியும் அயோடினை வாங்கியிருக்கிறார், சட்டைக் காலர் அழுக்காக இருக்கிறது, அல்லது கருவிக்கும் கழுத்துக்கும் நடுவில் வைத்த அந்தக் கட்டையை யாரோ எடுத்துவிட்டார்கள்.